யாத்ரீகரும் விடுமுறைப் பிரயாணிகளும்

பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடும் காலம் நெருங்கினால் நமது காரியாலயத்துக்கு ஒருவிதக் கடிதங்கள் வரத் தொடங்கும். "குடும்பத்துடன் நான்கு நாள் எங்கேனும் போய்வர விரும்புகிறோம், தக்க இடம் சொல்லுங்கள்" என்பது அவற்றின் சாரம். ஒருவர் கடற்கரை வேண்டும் என்பார். ஒருவர் க்ஷேத்திரம் வேண்டும் என்பார். சரித்திரம் படிக்கும் மாணவர் பழைய கோட்டை கொத்தளம் எங்கே இருக்கிறது என்று கேட்பார். நல்ல சாப்பாடு கிடைக்கும் ஊர் எது என்று மட்டும் கேட்பவரும் உண்டு. இம்முறை ஓர் அன்பர், "கூட்டமில்லாத இடமாக இருத்தல் வேண்டும்" என்ற ஒரே நிபந்தனையை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அரசியலும் வழக்கும் எழுதிப் பழகிய நமது பேனாவுக்கு இது புதிய உத்தியோகமே. ஆயினும் இக்கடிதங்களை நாம் அற்பமாகக் கருதவில்லை. ஒரு தேசத்தில் மனிதர் எதைப் பார்க்க வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள் என்பது, அத்தேசம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சியம்.

சென்ற தை மாதத்தில் ஒரு சொத்து வழக்கு நிமித்தம் நாம் கடலூர் சென்றிருந்தோம். வழக்கு வாய்தாவாயிற்று. வக்கீல் தொழிலில் இருப்பவருக்கு வாய்தா ஐப்பசி மழை போன்றது. குறை சொல்லிப் பயனில்லை. கையில் நான்கு நாள் மிஞ்சிற்று. மஞ்சக்குப்பத்திலிருந்து புறப்பட்டு, தோன்றிய இடங்களில் இறங்கி, சில இடங்களில் வழி விலகியும் சென்று, சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். நேர் வழியில் இது ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரமே. திரும்பி வந்து கடிதக் கட்டை அவிழ்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது: அதில் கேட்டிருந்த அத்தனை பேருக்கும் இந்த ஒரு ஜில்லாவுக்குள்ளேயே விடை இருந்தது. பலதரப்பட்ட பிரயாணிகளும் இந்நாட்டை நாடி வருவதேன் என்ற கேள்விக்கு, மலை உண்டு, கடல் உண்டு, பழமை உண்டு என்று ஜாபிதா போடுவது எளிது. ஜாபிதா காரணமாகாது. ஆகவே நாம் கண்டவற்றையே முதலில் சொல்லுகிறோம்.

கடலூரில் சரித்திரக்காரனுக்குரிய இடம் தேவனாம்பட்டினம். கடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே ஒரு காலத்தில் செயின்ட் டேவிட் கோட்டை நின்றது. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் இதைச் செஞ்சியிலிருந்த மகாராஷ்டிர அதிபதியிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேரும். எவ்வளவு நிலம் என்பதற்கு அளவுகோல் பீரங்கிதான். கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். கிரயப் பத்திரங்களில் எத்தனையோ விதமான எல்லைகளை நாம் படித்திருக்கிறோம். "கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் பாகம்" என்று எழுதக் கண்டிருக்கிறோம். பீரங்கிக் குண்டை நான்கெல்லை மாலாகக் கொண்ட பத்திரத்தை வேறெங்கும் கண்டதில்லை. குண்டு விழுந்த கிராமங்களின் ஞாபகம் இன்றும் பெயரில் நிற்கிறது. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரே இருக்கிறது. கடலூரில் குண்டு சாலை என்று ஒரு தெருவும் இருக்கிறது. அதில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் குண்டு எது என்று தெரியும்?

1746இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபின் சில ஆண்டுகளுக்குக் கம்பெனியின் தென்னாட்டுத் தலைமைஸ்தானம் இதுவாக இருந்தது. 1756இல் கிளைவ் இதற்குக் கவர்னரானார். 1758இல் லாலி துரை இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஏகாதிபத்தியத்தின் தொட்டில்களில் ஒன்று என்று நாம் பள்ளியில் பாடம் படித்த கோட்டை இன்று சில சுவர்த் துண்டுகளும் மேடுகளுமாக நிற்கிறது. சற்றுத் தூரத்தில் மீனவர் வலை உலர்த்துகிறார்கள். வெள்ளிக் கடற்கரை என்று பெயர் பெற்ற மணலில் மாலை வேளையில் ஊரார் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்குகிறார்கள். நாம் போனபோது பட்டம் விட்டுக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனை, "கோட்டை எங்கே தம்பி?" என்று கேட்டோம். "எந்தக் கோட்டை?" என்று திருப்பிக் கேட்டான். அவன் கேள்வி நமக்குச் சிறிது ஆனந்தமாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்?

1783ஆம் ஆண்டுச் சங்கதி ஒன்றும் இங்கே சொல்லத் தக்கது. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டனர். செய்தி கப்பலேறி வந்து சேரவேண்டுமே! ஜூன் மாதத்தில் கடலூரைச் சுற்றித் தரையிலும் கடலிலும் அதே இரு கக்ஷியாரும் அடித்துக்கொண்டு மாண்டனர். அவர்களுடைய சேனைகளில் நின்று செத்த நம்மவர் தொகையும் சிறியதன்று. சமாதானச் செய்தி வந்தபின் போர் நின்றது. அந்நியருடைய சண்டைக்கு நமது மணல் களமாவதென்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சம்பவம் நமக்குத் தெரியவில்லை.

கோட்டையைத் தேடி வரும் வெள்ளைக்காரப் பிரயாணியை நாம் குறை கூற மாட்டோம். அவர் தம் பாட்டனாரின் கதையைத் தேடி வருகிறார், தேடட்டும். நாம் கேட்பது நம்மவரைப் பற்றி. பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறி 1918 நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் எல்லையில் கைதாகி, மூன்று வாரங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது கடலூர்ச் சிறையில். 1927இல் சென்னையில் நீல் சிலை சத்தியாக்கிரகத்தில் முன்னின்று சிறை சென்ற அஞ்சலையம்மாள் இந்தக் கடலூர் முதுநகரில் பிறந்தவர். கிளைவ் குடியிருந்த இடத்தை விசாரிக்கும் நம்மவரில் அஞ்சலையம்மாளின் தெருவை விசாரிப்பவர் எத்தனை பேர்? பார்க்கத் தக்க இடம் எது என்பதையும் அந்நியர் புஸ்தகமே நமக்குச் சொல்லவேண்டுமென்று இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறோம்?

இனி யாத்ரீகர் விஷயம். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் அப்பர் சுவாமிகளைக் கருதியே வருகிறார்கள். கல்லிலே கட்டிக் கடலிலே தள்ளப்பட்ட சுவாமிகள் கரையேறிய இடம் என்று ஒரு குப்பத்துக்கே கரையேறவிட்ட குப்பம் என்று பெயர். அரசன் ஆணைக்கு அஞ்சாத ஒருவருடைய ஞாபகத்தை ஒரு குப்பம் தன் பெயராகத் தாங்கி நிற்பது இந்நாட்டுக்கே உரிய சிறப்பு. திருவஹீந்திரபுரத்தில் தேவநாதப் பெருமாள் சந்நிதியில் முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் தாங்காது. நாம் போன காலை மாலையும் கழுத்துமாக எத்தனை ஜோடிகள் மலைப்படி ஏறின என்று எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறி விட்டுவிட்டோம். கல்யாண கோஷ்டியையும் பிரயாணிகளோடு சேர்த்துக் கணக்கிடுவதுண்டா என்பது நமக்குத் தெரியாது. சேர்த்தால், நம் நாட்டில் மிகுதியாகப் பிரயாணம் செய்கிறவர் அவர்களே ஆவர்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் ஒரு மூதாட்டி நம் அருகே உட்கார்ந்திருந்தார். மடியில் துணியில் கட்டிய ஒரு மூட்டை. வடலூருக்குப் போகிறாராம். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. "மூட்டையில் என்ன அம்மா?" என்றோம். அரிசி என்றார். "அங்கே போய் என்ன பார்ப்பீர்கள்?" என்று நகரவாசியின் புத்தியோடு கேட்டுவிட்டோம். "பார்க்கறதுக்கு என்ன இருக்குதுங்க ஐயா? அடுப்பு எரியுது. அதுல என் அரிசியும் ஒரு படி வேகணும்" என்றார். அந்த அம்மாளோடு நாமும் வடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

வள்ளலார் 1867 மே மாதத்தில் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவன் யார், என்ன ஜாதி, எதற்காக வந்தான் என்று கேளாமல் சோறு போடுகிறார்கள். 1872 ஜனவரியில் சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கிற்று. தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுகிறார்கள். சபையைச் சுற்றிலும் பெருவெளி. பார்வதிபுரம் கிராமத்தார் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம். 80 காணி என்பது வழக்கு. பூசத்தன்று ஜனங்கள் நிற்பதும் இருப்பதும் உறங்குவதும் அந்த வெளியிலேதான். அன்றி மற்ற நாட்களில் அங்கே காற்றைத் தவிர வேறு ஒன்றும் இராது.

இந்த வெளியில் வள்ளலார் சர்வதேச மையம் ஒன்று சுமார் 100 கோடி ரூபாயில் அமைக்க 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். பார்வதிபுரத்தார் ஆட்சேபித்தனர், விஷயம் உயர்நீதி மன்றத்துக்கும் போயிற்று. கட்டடம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வருபவர் வள்ளலாரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஓர் இடமிருப்பது நன்றே. வேறு நிலமா கிடையாது? பெருவெளி வெறும் நிலமன்று. கூட்டம் கூடுவதற்காகவே வெறுமையாக விடப்பட்ட இடம் அது. அரிசி மூட்டையோடு வரும் மூதாட்டி அதில்தான் படுத்துறங்குகிறார். சர்வதேசத்தையும் அழைப்பதற்காக அவர் படுக்கும் இடத்தைக் குறுக்குவது விருந்துக்கு வீட்டாரை வெளியேற்றுவது போலாகும் என்பது நமது அபிப்பிராயம். பார்வதிபுரத்தாரின் பாட்டன்மார் நிலத்தை எதற்குக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

சிதம்பரத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆகையால் கோயிலின் அழகை வர்ணிக்க நாம் முற்படவில்லை. அங்கே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே கோயிலுக்குள் எத்தனை கோயில்! சைவருக்கு இது கோயில் என்ற சொல்லுக்கே பொருளாக உள்ள இடம். வைஷ்ணவருக்கு, நடராஜப் பெருமானுக்கு எதிரே சயனித்திருக்கும் கோவிந்தராஜரின் தில்லைத் திருச்சித்திரகூடம். இரண்டு சந்நிதிகளையும் ஒரே இடத்தில் நின்று தரிசிக்கலாம். அப்படி நின்றவர் இரண்டு பக்கமும் கைகூப்பியதையே கண்டோம். பரதநாட்டியம் பயிலும் பெண்கள் சிலர் கீழைக் கோபுர வாயிலில் அண்ணாந்து நின்று, கல்லில் செதுக்கிய 108 கரணங்களில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தனர். கரணங்களுக்கு அடியில் பரத முனிவரின் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடந்து வருவதால் இந்தக் கோஷ்டி ஆண்டுதோறும் பெருகி வருகிறது.

ஐரோப்பியர் இருவர் பிராகாரத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்தனர். அவர்களை இங்கே அழைத்து வந்தது எது என்று நாம் விசாரிக்கவில்லை; ஊகிப்பது கடினமன்று. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் நடராஜ வடிவத்தை நேரில் கண்டவரல்லர். சென்னைக் காட்சிச்சாலையிலுள்ள வெண்கல விக்கிரகங்களின் புகைப்படங்களைப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917இல் காலமானபின் 1921இல் அது அச்சாயிற்று. ஆனந்த குமாரசாமியின் சிவ நடனம் பற்றிய நூல் 1918இல் வெளிவந்தது. ஜெனீவா நகருக்கு அருகே அணுவின் உள்ளுறுப்புகளை ஆராயும் ஸெர்ன் நிலையத்தில், இந்திய சர்க்கார் அளித்த இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராஜர் சிலை 2004 ஜூன் மாதத்தில் நிறுவப்பட்டது. விஞ்ஞானியும் சிற்பியும் தத்துவம் பேசுவோரும் தத்தமக்கு வேண்டியதை இவ்வடிவத்தில் கண்டுகொள்கிறார்கள். கோயில் வாசலில் கத்தரிக்காய்க் கொத்சு எங்கே நன்றாயிருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்த குடும்பத்தையும் நாம் இவ்வரிசையிலிருந்து விலக்க மாட்டோம். மார்கழித் திருவாதிரையில் களிக்காக வருகிறவனும் பக்தனே.

யாழ்ப்பாணத்தாரையும் சொல்லவேண்டும். ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். யாழ்ப்பாணத்தார் இவ்வூரில் மடங்கள் கட்டி, அவற்றுக்கு நிலங்களும் விட்டிருந்தனர். ஆருத்திரா தரிசனத்துக்குக் கப்பலேறி வருவது அவர்களுக்கு அடுத்த ஊருக்குப் போவது போலிருந்தது. யுத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் மீண்டும் கப்பல் விட்டனர்; அது நின்றும் நடந்தும் வருகிறது. விசா முத்திரையோடு வரும் அந்நியப் பிரயாணியாக இவரைக் கணக்கில் எழுதுகிறார்கள். தம் பாட்டனார் கட்டிய மடத்துக்கு வருகிறவர் அந்நியரா?

இவ்வளவு பேரையும் வரவேற்கும் கோயில் என்று பெருமை பேசி முடித்துவிட நமது மனச்சாக்ஷி இடங்கொடுக்கவில்லை. நந்தனார் சிதம்பரத்துக்கு வர விரும்பினார். "நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே அது அவருக்குப் பெயராயிற்று. வந்தபின்பும் ஊரெல்லையில் நின்றார். விடுமுறை கிடைக்காததால் வரமுடியாதவர் உண்டு. காசில்லாததால் வரமுடியாதவர் உண்டு. வாசலில் தடுக்கப்பட்டதால் வரமுடியாதவர் இந்நாட்டில் எத்தனை நூற்றாண்டு எத்தனை லக்ஷம் பேர்! 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே கல்விக்கழகம் தொடங்கி, தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1927இல் காந்தியடிகள் இவ்வூருக்கு வந்தபோது நந்தனாரின் பெயரைச் சொல்லியே பேசினார். ஆலயப் பிரவேசத்துக்கு 1939லும் 1947லும் சென்னை மாகாணத்தில் சட்டங்கள் வந்தன. சட்டம் கதவைத் திறந்தது. வாசலில் நிற்கிறவனை நோக்கும் பார்வை எப்பொழுது திறக்கும் என்பது வேறு கேள்வி. நிர்வாக உரிமை பொது தீக்ஷிதர்களுக்கே என்று 2014 ஜனவரி 6இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததையும், கனகசபையில் ஏறித் தரிசிப்பது பற்றி 2022இல் சர்க்கார் உத்தரவிட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். அந்த வழக்குகளில் நாம் இப்போது இறங்கவில்லை. இறங்கினால் இன்னொரு வாய்தா வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சொல்லுவோம். ஜெனீவாவில் நடராஜருக்குச் சிலை வைப்பதைக் காட்டிலும், ஆதனூர் வழியில் வந்தவன் அவர் எதிரே கூசாமல் நிற்பது நமக்கு அதிகப் பெருமை தரும்.

அன்றிரவு நாம் தங்கிய விடுதியில் ஒரு சம்பவம். ஒன்பது மணிக்கு மேல் கிராமத்துக் குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சுகளோடு வந்து அறை கேட்டது. இடமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அரை மணி கழித்துக் காமிராவும் தோள்பையுமாக வந்த இரு வாலிபர்களுக்கு இடமிருந்தது. கணக்கர் முன் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த நாம் காரணம் கேட்டோம். "அவங்க அடுப்பு, பாத்திரமெல்லாம் கொண்டு வருவாங்க சார்" என்றார். அக்குடும்பம் எங்கே படுத்தது என்று மறுநாள் தெரிந்தது: தெற்கு வீதியில் ஒரு கடைத் திண்ணை. நமது முன்னோர் யாத்ரீகன் சமைத்துச் சாப்பிடுவான் என்று தெரிந்தே சத்திரம் கட்டினார்கள். கிணறும் கல்லடுப்பும் வைத்தார்கள். நாம் சத்திரத்தை மறந்தோம், விடுதி கட்டினோம். 1917இல் காந்தியடிகள் ரயிலில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவஸ்தையைப் பற்றித் துண்டுப் பிரசுரமே வெளியிட்டார். 1974இல் மூன்றாம் வகுப்பு என்பது ரத்தாயிற்று, பெயர்தான் ரத்தாயிற்று. உத்ஸவ நாளில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது புரியும்.

மூன்றாம் நாள் காலை பிச்சாவரம் சென்றோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே, கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் 1,100 ஹெக்டேர் பரப்பில் சிறு சிறு தீவுகளாகக் காடு. 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1975இல் "இதயக்கனி" என்ற படத்தை எடுத்தபின் ஊரறிந்த இடமாயிற்று என்பார்கள். துடுப்புப் படகில் நம்மை ஏற்றிச் சென்ற படகோட்டி ஐம்பது வயதுக்காரர். சுரபுன்னை மரங்களின் வேர்கள் இருபுறமும் தண்ணீரில் ஊன்றுகோல் போல இறங்கி நின்றன. ஒரு திருப்பத்தில் படகை நிறுத்தி, "அந்த மரத்தைத் தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார். என்ன மரம் என்றோம். "தில்லை" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தில்லை வனம், தில்லை நாயகன், தில்லைவாழ் அந்தணர் என்று நாவால் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்! சிதம்பரத்துக்கு அப்பெயரைத் தந்த ஸ்தல விருக்ஷத்தை நாற்பது வயதுக்கு மேல், உப்புத் தண்ணீரில், படகோட்டி ஒருவர் சுட்டிக்காட்டித்தான் நாம் முதன்முதல் கண்டோம். ஊருக்குள் வனம் போய் நெடுங்காலமாயிற்று. மரம் கடலோரம் ஒதுங்கி உயிர் வைத்திருக்கிறது. கோயிலுக்கு வருகிறவரும் காட்டைப் பார்க்க வருகிறவரும் வேறு வேறு பிரயாணிகள் என்று சர்க்கார் புஸ்தகங்களில் பிரித்து எழுதுகிறார்களே, அந்தப் பிரிவினையை இந்த ஒரு மரம் செல்லாததாக்கிவிட்டது.

இந்தக் காடு இன்று நிற்பதற்கு ஒரு கதை உண்டு. அந்நிய ஆட்சியில் தொடங்கி, பின்பு நம்முடைய ஆட்சியிலும் 1970களை ஒட்டி வரை, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக அடியோடு வெட்டி விறகுக்கும் கட்டைக்கும் எடுப்பது வழக்கமாயிருந்தது. வெட்டியபின் தானே முளைக்கும் என்று எண்ணினர். முளைக்கவில்லை. நிழல் போனவுடன் மண் வெயிலில் காய்ந்தது, ஈரம் வற்றி நிலம் தொட்டி போல உள்வாங்கிற்று, ஏறுவெற்றத்தில் உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று, உப்பு ஏறிற்று. உப்பளத்தில் எந்த விதை முளைக்கும்? விறகுக்காக வருகிற இருளரும் ஆடு மாடுகளுமே காட்டை அழித்ததாக நெடுநாள் பழி சொல்லி வந்தனர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் ஆராய்ந்து, பிழை மரம் வெட்டிய முறையில்தான் இருந்தது என்று காட்டினர். பரிகாரமும் எளியதாகவே இருந்தது. மீன் முள்ளைப் போல நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, தேங்கிய தண்ணீர் கடலோடு ஏறவும் இறங்கவும் வழி செய்தனர். உப்புக் குறைந்தது. கன்று நட்டனர், பிழைத்தது. வாய்க்கால் வெட்டியதும் கன்று நட்டதும் பழி சுமந்த அதே கிராமத்து ஜனங்கள், வனத்துறையாரோடு சேர்ந்து.

2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கி வந்தது. தேவனாம்பட்டினம் முதலாகக் கடலூர்க் கரையில் மாண்டவர்களை இந்த ஜில்லா மறக்காது. பிச்சாவரத்தின் கடல்முகத்திலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் குப்பம் அழிந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 2005இல் எழுதினர். கடலிலிருந்து தூரமும் மேட்டு நிலமும் காரணமாகலாம் என்று வேறு சிலர் கணக்கில் ஆட்சேபம் எழுப்பினர். நாம் படகோட்டியைக் கேட்டோம். "தூரமும் உண்டு, மரமும் உண்டு. நான் அன்னைக்கு மரத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். அவருடைய சாக்ஷியத்தை எந்த வக்கீலும் குறுக்கு விசாரணையில் அசைக்க முடியாது.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு திரும்பும்போது எதிரே ஒரு படகு வந்தது. அதிலிருந்தோர் தின்பண்டம் தின்று உறையைத் தண்ணீரில் எறிந்துகொண்டே வந்தனர். படகோட்டி ஒன்றும் பேசாமல் துடுப்பை நீட்டி அதை எடுத்துத் தம் காலடியில் போட்டுக்கொண்டார்.

பிச்சாவரத்துக்குப் பக்கத்திலேயே கிள்ளை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சமுத்திர ஸ்நானத்துக்கு இவ்வழியே எழுந்தருளுவார். கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் பெருமாளுக்கு மரியாதை செய்து வரவேற்க, பெருமாள் தரப்பிலிருந்து தர்காவுக்கும் மரியாதை போகும். இதைப் பார்க்கவென்று யாரும் டிக்கெட் வாங்கி வருவதில்லை. சிதம்பரத்துக்கு மேற்கே போனால் வீராணத்து ஏரி. பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, 2004 முதல் சென்னைக்கும் குடிதண்ணீர் தருகிறது. கல்கியின் "பொன்னியின் செல்வன்" இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரை போன வழியில் மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்கள் இப்போது மிகுதி. கரையில் இறங்கி மதகுகளை எண்ணிப் பார்த்தவர்களை நாமே கண்டோம். கதையில் 74 என்று வருகிறதாம்; அவர்கள் எண்ணிக்கை பாதியிலேயே தவறிற்று. கற்பனை மனிதனைத் தேடி மெய்யான ஏரிக்கு வரும் இவர்களையும் எந்த இனத்தில் சேர்ப்பது?

பல திறத்தாரும் இந்நாட்டுக்கு வருவதேன் என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். நாம் கண்டவற்றில் எதுவும் பிரயாணிகளுக்காக உண்டாக்கப்பட்டதன்று. வடலூர் அடுப்பு பசித்தவனுக்காக எரிகிறது. ஏரி வயலுக்காக வெட்டப்பட்டது. கரணங்கள் ஆடுகிறவர்களுக்காகச் செதுக்கப்பட்டன. சுரபுன்னை தனக்காக நிற்கிறது. கோயிலில் ஆறு கால பூஜை யார் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். உயிரோடு நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தின் ஓரத்தில் வந்து நிற்க எவனுக்கும் இடமிருக்கிறது. ஆகையினால்தான் எவனும் வருகிறான். ஐரோப்பாவில் அழிந்த கோயில்களைப் பார்க்கச் சீட்டு வாங்குகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது, நல்லதே. சிதம்பரம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக நடராஜர் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

ஆகவே சர்க்காருக்கும் உள்ளூர் ஸ்தாபனங்களுக்கும் நாம் கேட்பது மிகச் சிறிது. புதிதாக ஒன்றும் காட்ட வேண்டாம். இருப்பதற்கு எழுதுபலகை வையுங்கள்; தமிழில் முதலில் எழுதுங்கள். கடலூர் வரும் பிரயாணி பாரதியார் அடைபட்ட சிறையின் கதையையும் கேட்டுப் போகட்டும். சமைத்துச் சாப்பிடும் யாத்ரீகனுக்குச் சத்திரம் வேண்டும். குழாயும் கழிப்பிடமும் வேண்டும். பெண்கள் அச்சமின்றி இரவில் இறங்கக்கூடிய ரயில் நிலையம் வேண்டும். இது சுகவாசிகளுக்குச் செய்யும் உபசாரமன்று. காசில்லாத ஜனங்கள் தங்கள் தேசத்தைத் தாங்களே கண்டு வருவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வசதி. பிச்சாவரத்துப் படகோட்டிகளுக்கு வருமானத்தில் நியாயமான பங்கு போகிறதா என்று விசாரியுங்கள். பெருவெளியை வெளியாகவே விடுங்கள்.

கடிதம் எழுதிய அன்பர்களுக்கு விடை அனுப்பிவிட்டோம். கோட்டை கேட்ட மாணவருக்குத் தேவனாம்பட்டினம். சாப்பாடு கேட்டவருக்குச் சிதம்பரம் கீழ வீதி. கடற்கரை கேட்டவரைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பியிருக்கிறோம். 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் யுத்தம் நடந்த இடம் அது என்று கீழே ஒரு வரி சேர்த்தோம். கூட்டமில்லாத இடம் கேட்ட அன்பருக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு படி அரிசியோடு வடலூர் போய்வரும்படி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.